ஓய்வுபெற்ற போர்க்கப்பலில் ஒரு சனிக்கிழமை

என் கையில் ஒரு மரக்கூம்பு இருந்தது. ஒரு முனை அகலம், மறுமுனை குறுகல். பெரிய பம்பரம் என்று சொல்லலாம். பழைய மரத்தின் வாசனையும் டீசல் வாசனையும் கலந்து அடித்தது.

"கப்பல்ல ஓட்டை விழுந்தா இதை வச்சு, சுத்தியலால அடிச்சு அடைப்பாங்களாம் உம்மா. ஓட்டைக்குத் தகுந்த மாதிரி சின்னது, பெரிசு எல்லாம் இருக்காம்" என்றாள் என் மகள் நஸ்ரின். சியோல் ஆற்றங்கரையில் காட்சிக்கு நிற்கும் அந்தக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற திரு. லீ கொரிய மொழியில் சொல்லச் சொல்ல, அவள் எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இரும்புக் கப்பலுக்கு மரக்கட்டையா?" என்று கேட்டேன். தண்ணீர் பட்டால் மரம் ஊறி உப்பும், ஓட்டையை இறுக்கிக்கொள்ளும் என்பது பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிற எனக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் கூம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இவ்வளவுதானா?

அப்போதுதான் கைப்பைக்குள் ஃபோன் அதிர்ந்தது. மகன் ஃபர்ஹானிடமிருந்து குரல் செய்தி. எண்ணெய்க் கப்பல் ஒன்றில் பயிற்சி மாலுமியாக இருக்கிறான். மாலுமிகள் சாப்பிடும் அந்தத் தாழ்ந்த கூரை அறையில் நின்றபடியே காதில் வைத்தேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா. இப்பத்தான் சண்டே பிரியாணி சாப்ட்டு வந்து படுத்தேன். குக் இன்னைக்கு முட்டைய மறந்துட்டார். நீங்க நல்லா சுத்திப் பாருங்க. இங்க ஒரு பிரச்சினையும் இல்ல."

சிரித்துக்கொண்டே என் கணவரிடம் திரும்பினேன். "மச்சான், உங்க மவன் பிரியாணி சாப்ட்டுட்டானாம்."

சொல்லி முடிக்கும்போதே சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அன்று சனிக்கிழமை.

அவன் கப்பல் நிற்பதாகச் சொன்ன பம்பாயைவிடக் கொரியா மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. எங்களுக்குச் சனிக்கிழமை பிற்பகல் என்றால் அவனுக்கு இன்னும் சனிக்கிழமை காலைதான். எந்தப் பக்கமிருந்து எண்ணிப் பார்த்தாலும் அவனுக்கு ஞாயிறு வந்திருக்க வழியில்லை.

நம் ஆட்கள் ஓட்டுகிற கப்பல்களில் ஞாயிறு பிரியாணி என்பது ஏறக்குறைய சட்டம். கடலில் கிழமையே மறந்துபோகும், பிரியாணி வாசனை வந்தால்தான் ஞாயிறு என்று தெரியும் என்பான் ஃபர்ஹான். அதை எந்தச் சமையல்காரரும் சனிக்கிழமை சமைக்க மாட்டார்.

நஸ்ரினைப் பார்த்தேன். அவள் தன் டேப்லெட்டை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

பால்கனிக்காரி

வளைகுடாத் துறைமுகமான புஜைராவில் எங்கள் வீட்டு பால்கனியைப் பற்றி முன்பொரு வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருக்கிறேன். கடலைப் பார்த்த பால்கனி. நங்கூரம் போட்ட கப்பல்கள் வரிசையாக நிற்கும். விளக்கு போட்டால் கடலுக்குள் இன்னொரு ஊர் இருப்பது மாதிரித் தெரியும்.

என் கணவருக்கு எண்ணெய்க் கிடங்கொன்றின் கட்டுப்பாட்டு அறையில் வேலை. நான் இந்தியப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். பிள்ளைகள் இருவரும் இங்கேயே வளர்ந்தவர்கள். தினமும் கப்பலைப் பார்த்து வளர்ந்த பையன் கப்பலுக்குத்தான் போவேன் என்று சொன்னதில் ஆச்சரியம் என்ன? சென்னையில் படித்துவிட்டுக் கப்பல் ஏறினான்.

ஒருமுறை அவன் கப்பலே எங்கள் பால்கனிக்கு நேரெதிரே வந்து நின்றது. போய்ப் பார்க்க வழியில்லை. துறைமுக அனுமதி இல்லாமல் உறவினர்கள் யாரும் படகேற முடியாது. "உம்மா, பால்கனி லைட்டை அணைச்சு அணைச்சுப் போடுங்க, தெரியுதான்னு பாக்குறேன்" என்றான். போட்டேன். "ஆ, தெரியுது, தெரியுது" என்றான். அவ்வளவு தூரத்திலிருந்து எங்கே தெரிந்திருக்கும்?

பிறகு கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்த அந்த வாரங்கள் வந்தன. கடல் பக்கமிருந்து சத்தம் கேட்கும். ஜன்னல் கண்ணாடி லேசாக அதிரும். எங்கே, என்ன என்று யாரும் உறுதியாகச் சொல்லமாட்டார்கள். அதற்குள் ஃபோனில் ஆளுக்கொரு செய்தி வந்துவிடும். குவைத்தில் மங்காஃபில் இருக்கும் என் தங்கை, "லாத்தா, நீங்க முதல்ல அந்தக் கதவைச் சாத்திட்டு உள்ள வாங்க" என்று தினமும் அழைத்துத் திட்டினாள்.

நான் உள்ளே போகவில்லை. கப்பல்கள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் செயலி ஒன்று ஃபோனில் இருந்தது. அதில் மகனின் கப்பல் ஒரு சின்ன முக்கோணமாகத் தெரியும். தொழுகைக்குப் பிறகு ஒரு தடவை, வகுப்புக்கு முன்னால் ஒரு தடவை, சோறு வடிக்கும்போது ஒரு தடவை அந்த முக்கோணத்தைப் பார்ப்பேன். இரத்த அழுத்தம் ஏறி ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் மயங்கி விழுந்தேன்.

ஊருக்குப் போகாத லீவு

ஒவ்வொரு லீவுக்கும் நாங்கள் சொந்த ஊர் கீழக்கரைக்குத்தான் போவோம். இந்தத் தடவை என் கணவர் திடீரென்று, "கொரியா போவோமா?" என்றார்.

நஸ்ரினின் வேலை என்று நினைத்தேன். அவளுக்குக் கொரியப் பைத்தியம். தொடர்கள் பார்த்துப் பார்த்தே அந்த மொழியைப் பேசக் கற்றுக்கொண்டவள். "வாப்பாவைக் கவுத்துட்டியாடி?" என்று கேட்டேன். வழக்கமாக ஒன்றுக்கு ஒன்பது பதில் சொல்கிறவள் அன்று தலையை மட்டும் ஆட்டினாள்.

ஃபர்ஹானும் வற்புறுத்தினான். "போங்க உம்மா. நாங்க பம்பாய்ப் பக்கம் நங்கூரம் போட்டுச் சும்மா நிக்கிறோம். சரக்கு ஏத்த நாளாகும்." விமானம் ஏறுவதற்கு முன் நஸ்ரின் என் ஃபோனை வாங்கிப் பார்த்து, "இடமே இல்ல, கண்டதை எல்லாம் வச்சிருக்கீங்க" என்று பலவற்றை நீக்கினாள். முக்கோணமும் அதோடு போயிற்று.

சியோலில் கணவரும் மகளும் அரண்மனை காட்டினார்கள், துணிக்கடை காட்டினார்கள், மேட்டுத் தெருவிலிருந்த பள்ளிவாசலுக்கும் அதன் பக்கத்து ஹலால் கடைக்கும் கூட்டிப்போனார்கள். தண்ணீர் இருக்கும் பக்கம் மட்டும் போகவே இல்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ரயில் ஆற்றுப்பாலத்தின் மேல் போகும்போது நானேதான் பார்த்தேன். கரையோரம் சாம்பல் நிறத்தில் ஒரு போர்க்கப்பல். முன்னும் பின்னும் பீரங்கி. சின்னப் பிள்ளைகள் மேலே ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அங்க போகணும்" என்றேன்.

"அது பழைய இரும்பு ஆயிஷா. அதுல என்னத்தப் பாக்குறது?" என்றார் என் கணவர்.

"என் மவன் எந்த மாதிரி எடத்துல படுத்து எந்திரிக்கிறான்னு ஒரு தடவையாவது பாக்குறேனே."

அடுத்த ஸ்டேஷனில் அவரே முதலில் இறங்கினார்.

கப்பலின் வயது

திரு. லீ இளைஞனாக அந்தக் கப்பலில் சேர்ந்தவர். இடையில் வேறு கப்பல்களுக்குப் போய், அதிகாரியாகி மறுபடி இதற்கே வந்தவர். இப்போது சனி, ஞாயிறுகளில் சம்பளம் இல்லாமல் வந்து சுற்றிக் காட்டுகிறார். கப்பல் பெயர் எழுதிய தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, சொந்த வீட்டைக் காட்டுகிறவர் போல முன்னால் நடந்தார்.

அதுவரை மற்ற நாடுகள் ஓட்டித் தேய்த்த கப்பல்களைத்தான் அவர்கள் கடற்படை வாங்கி ஓட்டியதாம். பிறகு தாங்களே வரைந்து, தங்கள் தளத்திலேயே கட்டிய முதல் தலைமுறையைச் சேர்ந்தது இது. "தண்ணீரில் இறக்கிய அன்று வெல்டிங் செய்தவர்கள் எல்லாம் குழந்தை பிறந்ததுபோல அழுதார்களாம்" என்றார்.

இளமையில் அதற்குப் பனிமூட்டத்தில் எல்லைக் காவல். தெரியாத படகு வந்தால் துரத்தும். புயலில் மாட்டிய மீனவர்களைத் தூக்கிவரும். ஒரு புயலில் சமையலறையின் கிம்ச்சி ஊறுகாய் ஜாடி உருண்டு உடைந்து, கரை சேரும்வரை கப்பல் முழுக்க அதே வாடையாம். "எதிரி எங்களை மோப்பம் பிடித்தே கண்டுபிடித்திருப்பான்" என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

பெரிய கப்பல்கள் வந்தபிறகு இதற்கு நடுவயது. பயிற்சி மாணவர்களை ஏற்றிக்கொண்டு தூர தேசங்களுக்குப் போனது. சுவரில் ஒரு வரைபடம். சிவப்புக் கோடு ஒன்று கொரியாவில் புறப்பட்டு, இந்தியாவின் காலைச் சுற்றி, அரபிக்கடலில் ஏறி, எங்கள் பக்கம் போய் முடிந்தது. கீழே ஒரு புகைப்படம். இதே கப்பல், பின்னால் புல் பூண்டு இல்லாத பழுப்பு மலை.

"மச்சான்! இது நம்ம ஊரு மலை!"

"புஜைரா" என்று லீயும் விரலை வைத்தார். அங்கே வெயிலில் தளத்தின்மேல் செருப்பு ஒட்டிக்கொண்டதாம். பேரீச்சம்பழம் வாங்கித் தின்று வயிற்றுப்போக்கு வந்ததாம். நான் சிரித்தேன். என் கணவர் புகைப்படத்தைப் பார்க்காமலேயே அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

கடைசியில் ஓய்வு. கொடியை இறக்கி, எண்ணெயை வடித்து, பீரங்கி வாயை அடைத்து, பாலங்களுக்கு அடியில் நுழையவேண்டும் என்று கம்பத்தின் உச்சியைக் கழற்றி இந்த ஆற்றுக்குக் கொண்டுவந்தார்களாம்.

நடக்கும்போது லீ சுவரை விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். பிஸ்கட் டின்னைத் தட்டுவது போலச் சத்தம் வந்தது. மேல்பகுதி எடை குறைய வேண்டும் என்பதற்காக அலுமினியமாம். போர்க்கப்பல் என்றால் சுவர் முழம் கனம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அலுமினியம் எந்தச் சூட்டில் உருகும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள் நான்.

மூன்றடுக்குப் படுக்கைகளைப் பார்த்தேன். ஒருவன் புரண்டால் மேலே இருப்பவன் முதுகில் இடிக்கும். அங்கிருந்துதான் சாப்பாட்டு அறைக்கு வந்தோம். அங்கேதான் மரக்கூம்பு. அங்கேதான் அந்த ஞாயிற்றுக்கிழமைக் குரல்.

"என் மவன் எங்க?"

"நஸ்ரின், இது யாரு அனுப்புனது?"

"காக்காதான்." அண்ணனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"இன்னைக்கு என்ன கிழமை?"

அவள் டேப்லெட்டைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. "ஓ நோ" என்றாள். "நாளைக்கு உள்ளத அமுக்கிட்டேன்."

நாளைக்கு உள்ளது. அந்தச் சொல் எனக்குப் புரிய நேரமானது. ஃபர்ஹான் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக முன்கூட்டியே பேசிவைத்திருந்தான். அவனுடைய வாட்ஸாப் கணக்கு தங்கையின் டேப்லெட்டிலும் திறந்திருந்தது. அவள்தான் தினமும் அதிலிருந்து எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள் செய்தியில் அவன் இருமியிருந்தான். "கஷாயம் வச்சுத் தரச் சொல்லு, ஐஸ் தண்ணி குடிக்காதே" என்று பதில் போட்டேன். உடனே ஒரு சிவப்பு இதயம் வந்தது. அதைப் பார்த்த நிம்மதியில்தான் தூங்கினேன். அந்த இருமல் எப்போதோ இருமியது. இதயம் பக்கத்துப் படுக்கையிலிருந்து வந்தது.

"ஆயிஷா, வெளிய போய்ப் பேசுவோம்" என்று கணவர் கையைப் பிடித்தார்.

"என் மவன் எங்க?"

"ஹோர்முஸ் ஜலசந்தில." குரலைத் தாழ்த்தினார். "உள்ள போய் லோடு எடுத்துட்டு வெளிய வந்துக்கிட்டு இருக்காங்க. தாண்டுற வரைக்கும் கப்பல்ல நெட்டை நிறுத்தி வச்சிருவாங்க. எப்பத் தாண்டுவாங்கன்னும் சொல்ல மாட்டாங்க. நீ அந்த பால்கனில நின்னு சாகக் கூடாதுன்னுதான்…"

"அதுக்கா கொரியா?"

அவர் என் கையை விட்டார்.

"இறங்கிக்கிறேன்னு சொல்ல முடியாதா? பயிற்சிப் பையன்தானே?"

"விருப்பமில்லாதவங்க இறங்கலாம்னு கேட்டாங்க. நானும் இறங்குடான்னுதான் சொன்னேன். 'என் எடத்துக்கு இன்னொருத்தன் வருவான் வாப்பா, அவனுக்கும் உம்மா இருப்பாங்கல்ல'ன்னு கேட்டான். நான் என்ன சொல்லட்டும்?"

நான் கையை ஓங்கியிருக்கிறேன். எனக்கு நினைவில்லை, நஸ்ரின் பிறகு சொன்னாள். மரக்கூம்பு கையிலேயே இருந்திருக்கிறது. லீ பக்கத்தில் வந்து, ஒரு வார்த்தையும் புரியாமல், குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குவது போல மெதுவாக அதை வாங்கிக்கொண்டார்.

அந்தச் செயலியை மறுபடி இறக்கினேன். முக்கோணம் கடலில் இல்லை. பாலைவனத்தின் நடுவில் இருந்தது. அது மட்டுமல்ல, அதைச் சுற்றி ஏகப்பட்ட கப்பல்கள், மணலின் மேல் வட்டமாகக் குவிந்து கிடந்தன.

"அது பொய்யான இடம்" என்றார் கணவர். "சிக்னலைக் கலைக்கிறாங்க. எல்லாக் கப்பலையும் அப்படித்தான் காட்டும்."

"அப்ப உண்மையா எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"அந்தக் கப்பல்ல இருக்குறவங்களுக்கு."

தளபதியின் நாற்காலி

மேலே போகவேண்டும் என்றேன். செங்குத்தான ஏணியில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, புர்காவைச் சுருட்டிக்கொண்டு எப்படியோ ஏறினேன். கப்பலைச் செலுத்தும் அறை. சுற்றிலும் ஜன்னல். நடுவில் உயரமான ஒரு நாற்காலி, உட்காரக் கூடாது என்று குறுக்கே கயிறு. அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

லீ கயிற்றை அவிழ்த்தார். "உட்காருங்கள்" என்று கையால் காட்டினார்.

அப்படித்தான் கீழக்கரைக்காரி ஒருத்தி கொரியப் போர்க்கப்பலின் தளபதி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே அன்ன வடிவப் படகுகளில் இளஞ்ஜோடிகள் மிதித்துக்கொண்டு போனார்கள்.

நஸ்ரின் அழுதுகொண்டே அவரிடம் விஷயத்தைச் சொன்னாள். கேட்டு முடித்ததும் அவர் தன் கதையைச் சொன்னார்.

"இவரும் பொய்தான் சொன்னாராம் உம்மா. நம்ம பக்கம் வந்தப்ப, ஊர்ல துறைமுகத்துலயே இருக்கேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு வந்தாராம். அம்மா டிவில இந்தக் கப்பலைப் பாத்துட்டாங்களாம்."

"பாத்துட்டு?"

"திரும்பி வந்ததும் ஒண்ணும் கேக்கலியாம். சோறு வைப்பாங்களாம், குழம்பு வைப்பாங்களாம். கரண்டி மட்டும் வைக்க மாட்டாங்களாம். ஒரு மாசம்."

"நம்ம வீடா இருந்தா கையாலேயே சாப்ட்டுருப்போம்" என்றார் என் கணவர்.

யாரும் சிரிக்கவில்லை. பிறகு நான்தான் சிரித்தேன். அது அழுகையாக மாறி, நிறுத்தத் தெரியாமல் அழுதேன். அந்த நேரத்தில்தான் அது எனக்குத் தோன்றியது.

"நஸ்ரின், இன்னும் இருக்கா?"

"என்னது உம்மா?"

"காக்கா பேசி வச்சது."

"இருக்கு."

"எது வரைக்கும்?"

அவள் வாப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னை. "பெருநாள் வரைக்கும்."

பெருநாளுக்கு இன்னும் மாதக்கணக்கில் இருந்தது. ஒரு ஜலசந்தியைத் தாண்ட ஒரு வாரம் போதும். பெருநாள் வாழ்த்தை எதற்கு இப்போதே பேசிவைக்க வேண்டும்?

"ஏன்னு கேட்டேன் உம்மா. 'சும்மா, கையோட கையா பேசிட்டேன்'னு சொன்னான்."

என் கணவர் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு இது தெரியாது" என்றார். "அல்லாஹ் மேல ஆணையா எனக்குத் தெரியாது ஆயிஷா." அப்படியே இரும்புத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. தைரியமானவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

கரையில்

மூடும் நேரம் அறிவித்தார்கள். இறங்கி ஆற்றங்கரைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். விடுதிக்குப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. லீயும் வீட்டுக்குப் போகாமல் சற்றுத் தள்ளி நின்றார். கடையில் வாங்கிய சூடான தேநீரை என் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடி தள்ளிப்போய் நின்றார். நான் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தேன். எங்கே நிறுத்தினேன் என்று மறந்து மறந்து மறுபடி முதலிலிருந்து ஓதினேன்.

வெயில் சாய்ந்து, கப்பலின் பீரங்கி நிழல் தண்ணீரில் நீண்டு கிடந்தபோது ஃபோன் அடித்தது. வீடியோ அழைப்பு. பேசிவைக்க முடியாதது அது ஒன்றுதான்.

ஆரஞ்சு நிற உடுப்பு. முகத்தில் பல நாள் தாடி. கண்கள் உள்ளே போயிருந்தன. பின்னால் கடல், வெறும் கடல்.

"உம்மா! வெளிய வந்துட்டோம். இப்பத்தான் நெட் குடுத்தாங்க. நஸ்ரின் மெசேஜ் பாத்தேன்… உம்மா, கோவமா?"

திட்டவேண்டும் என்று எத்தனையோ சேர்த்துவைத்திருந்தேன். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வயது முகம்.

"பெருநாளுக்கு என்ன பேசி வச்சிருக்க?"

அவன் கண்ணை விலக்கினான். "அது சும்மா உம்மா."

"சும்மான்னா சொல்லு. இப்ப எனக்கு நேராச் சொல்லு."

வாயைத் திறந்தான். உதடு கோணியது. தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டான்.

"முடியல உம்மா" என்றான். "அதைக் கேக்காதீங்க. நஸ்ரின்கிட்ட சொல்லி எல்லாத்தையும் அழிச்சிருங்க."

நஸ்ரின் டேப்லெட்டை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"மாட்டேன்" என்றேன். "நீ வீட்டுக்கு வந்து, என் முன்னால உக்காந்து, உன் கையால அழி."